நிற்குமிடமும் மறைபுள்ளியும்



ஓவியப் பள்ளிகளில் பெர்ஸ்பெக்டிவ் என்று வழங்கும் தூரத்தோற்ற முறையையும், அதன் உயிர்நிலையாகிய மறைபுள்ளியையும் பற்றி, அவை புகைப்படத்தின் அமைப்புக்கு எவ்வாறு துணை செய்கின்றன என்னும் நோக்கோடு இன்று பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கணிதம் என்று கருதிச் சிலரும், லென்ஸின் குணம் என்று கருதிப் பலரும் இந்த விஷயத்தைத் தம் பொறுப்புக்கு அப்பாற்பட்டதாக விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு படத்தில் கோடுகள் சென்று கூடும் இடத்தைக் கண்டுகொண்டோமானால், அப்படத்தை எடுத்தவன் எவ்விடத்தில் நின்றான், எந்த உயரத்திலிருந்து நோக்கினான், எத்திசையில் முகம் வைத்திருந்தான் என்பன யாவும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. அப்புள்ளியை அமைப்பவன், அப்படத்தைப் பார்க்க வருகிறவனுக்கு ஓர் ஆசனத்தை அமைத்துக் கொடுக்கிறான். எனவே புகைப்பட அமைப்பின் முதற்காரியம் நிற்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பதே என்பதுதான் நான் இன்று நிலைநாட்ட விரும்பும் கருத்து.

இணையாகச் செல்லும் தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுகூடுவதுபோல் தோன்றுவதைக் காணாதவர் இல்லை. அதன் காரணம் மிக எளியது. ஒரு பொருளின் தூரம் இருமடங்கானால் அதன் தோற்றம் பாதியாகிறது. பத்து மடங்கானால் பத்தில் ஒரு பங்காகிறது. தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள அகலமும் இவ்விதிக்கு உட்பட்டு, தூரம் செல்லச் செல்லக் குறுகிக்கொண்டே போய், எல்லையற்ற தொலைவில் பூஜ்யமாகிவிடுகிறது. அந்தப் பூஜ்யமே மறைபுள்ளி.

இவ்வநுபவம் மனிதகுலத்துக்கு ஆதிமுதல் உண்டெனினும், அதைச் சோதனையால் நிரூபித்துக் காட்டிய பெருமை இத்தாலி தேசத்து ப்ளாரன்ஸ் நகரில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் பிலிப்போ ப்ரூனெல்லெஸ்கியைச் சாரும். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அந்நகரத்துப் பேராலயத்தின் வாயிலில் நின்று, எதிரேயுள்ள ஞானஸ்நான மண்டபத்தை ஒரு சிறு பலகையில் தீட்டி, அப்பலகையில் ஒரு துவாரமிட்டு, பார்ப்பவர் பலகையின் பின்புறமிருந்து அத்துவாரத்தின் வழியே நோக்கி, எதிரே பிடித்த கண்ணாடியில் சித்திரத்தின் பிரதிபிம்பத்தைக் காணுமாறு ஏற்பாடு செய்தார். வானம் இருக்க வேண்டிய இடத்தில் அவர் வர்ணம் தீட்டாமல் மெருகிட்ட வெள்ளியைப் பதித்திருந்தமையால், உண்மையான மேகங்களே அதில் பிரதிபலித்து நகர்ந்தன. அப்பலகை நமக்குக் கிடைக்கவில்லை. அவருடைய சரித்திரத்தை எழுதிய அந்தோனியோ மானெத்தி தந்துள்ள வர்ணனையே ஆதாரமாக நிற்கிறது. அச்சோதனையில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அத்துவாரத்தைத்தான். சித்திரம் மெய்போல் தோன்ற வேண்டுமானால், அதைத் தீட்டியவனுடைய கண் இருந்த இடத்திலேயே பார்ப்பவனுடைய கண்ணும் இருக்க வேண்டும் என்பதை உணர்ந்தே அவர் பார்ப்பவனை ஒரே இடத்தில் நிறுத்தினார். 1435இல் லியோன் பாத்திஸ்தா ஆல்பெர்த்தி ஓவியத்தைப் பற்றி இயற்றிய நூலில் இம்முறை விதிகளாக வகுக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, அந்நகரத்து ஸாந்தா மரியா நொவெல்லா ஆலயச் சுவரில் ஓவியர் மஸாச்சியோ தீட்டிய திரித்துவச் சித்திரத்தில், ஆலயத் தரையில் நிற்கும் ஒரு மனிதனின் கண்மட்டத்தையொட்டி மறைபுள்ளி அமைந்துவிட்டது. ஆகவேதான் தட்டையான அச்சுவர் குடைந்து ஒரு மண்டபம் எடுத்ததுபோல் காண்பவர்க்குத் தோன்றுகிறது.

ஓவியன் இவ்வளவு பாடுபட்டுக் கற்றதைக் காமிராவுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒளி நேர்கோட்டில் செல்வதாலும், கதிர்கள் யாவும் லென்ஸ் என்னும் ஒரே வாயில் வழியாகப் புகுவதாலும், அது இயல்பாகவே நிகழ்ந்துவிடுகிறது. 1838இல் பாரிஸ் நகரத்தில் உயரமான ஒரு ஜன்னலிலிருந்து, புகைப்படக் கலையின் முன்னோடியாகிய டாகேர் எடுத்த பூல்வார் து தாம்ப்ள் என்னும் வீதியின் படத்திலேயே, மர வரிசையும் வீட்டு வரிசையும் நெருங்கிக்கொண்டே தூரத்தில் ஒடுங்கிச் செல்வதைக் காண்கிறோம். நீண்ட நேரம் ஒளியேற்க வேண்டியிருந்தமையால் வண்டிகளும் நடந்தவர்களும் பதிவாகாமல் போக, நின்று காலணிக்கு மெருகிடுவித்துக்கொண்ட ஒருவனுடைய உருவம் மட்டும் மூலையில் தங்கிவிட்டது. கருவி தானாகவே செய்துவிடும் இவ்வசதியில் ஓர் அபாயமும் உண்டு. ஓவியன் மறைபுள்ளியை எங்கே வைப்பது என்று தீர்மானிக்காமல் ஒரு கோடுகூட இழுக்க இயலாது. புகைப்படக்காரனோ அப்படியொரு தீர்மானம் தேவை என்பதை அறியாமலே ஆயுள் முழுவதும் படம் எடுத்துவிட முடியும்.

ஆகையால் அத்தீர்மானம் எவ்வாறு செய்யப்படுகிறது என்று பார்ப்போம். ஒரு வீதியின் இணைகோடுகள் உங்கள் படத்தில் எங்கே கூடும் என்று அறிய வேண்டுமானால், லென்ஸின் மையத்திலிருந்து அவ்வீதிக்கு இணையாக ஒரு கோட்டை மனத்தால் இழுங்கள். அக்கோடு படத்தளத்தைத் தொடும் இடம் எதுவோ அதுவே மறைபுள்ளி. காமிராவை வீதியின் போக்கிலேயே நேராக வைத்தால் அப்புள்ளி படத்தின் நடுவில் விழும். காமிராவைச் சற்றுத் திருப்பினால் அது ஒரு பக்கம் ஒதுங்கும், அதே சமயத்தில் வீதிக்குக் குறுக்காகச் செல்லும் கோடுகளும் தமக்கென்று மற்றொரு புள்ளியை மறுபக்கத்தில் தேடிக்கொள்ளும். அண்ணாந்து நோக்கினால் செங்குத்துக் கோடுகளும் மேலே ஒரு புள்ளியை நாடத் தொடங்கும். ஒரு புள்ளி, இரு புள்ளி, மூன்று புள்ளி என்று பாடநூல்கள் பிரித்துச் சொல்வதெல்லாம் காமிரா எத்திசையில் முகம் வைத்தது என்பதன் கணக்கேயன்றி வேறில்லை.

அகலக் கோண லென்ஸ் ஆழத்தை மிகைப்படுத்துகிறது, நீண்ட லென்ஸ் ஆழத்தை நசுக்குகிறது என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இதைப் பரிசோதிக்க அதிகச் செலவில்லை. முக்காலியை நகர்த்தாமல் ஒரே இடத்திலிருந்து 28 மில்லிமீட்டர் லென்ஸிலும் 135 மில்லிமீட்டர் லென்ஸிலும் ஒரே காட்சியைப் படம் எடுத்து, முதற்படத்தின் நடுப்பகுதியை மட்டும் இரண்டாவது படத்தின் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். தெளிவு குறையலாம்; ஆனால் தூணுக்கும் தூணுக்கும், மனிதனுக்கும் மலைக்கும் உள்ள அளவு விகிதம் இம்மியும் மாறியிராது. 2 மீட்டர் தூரத்தில் ஒரு தூணும் 20 மீட்டர் தூரத்தில் அதே உயரமுள்ள மற்றொரு தூணும் இருக்குமானால், முன்னது பின்னதைப்போல் பத்து மடங்கு பெரிதாகத் தோன்றும். எட்டு மீட்டர் பின்னே வந்து நின்றால் தூரங்கள் 10, 28 என்று ஆகி, விகிதம் மூன்று மடங்குக்கும் கீழே இறங்கிவிடும். இம்மாறுதலைச் செய்தவை நம் கால்களே; லென்ஸ் செய்தது, அந்தத் தோற்றத்தில் எவ்வளவு பகுதியை வெட்டி எடுப்பது என்பதை வரையறுத்தது மாத்திரமே. கைப்பேசியின் லென்ஸில் முகங்கள் மூக்குப் பெருத்துத் தோன்றுவதற்கும், அக்கருவியை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பிடிப்பதே காரணம்.

முன்னும் பின்னும் நகர்வது விகிதத்தை மாற்றுகிறது என்றால், மேலும் கீழும் நகர்வது அடிவானத்தை மாற்றுகிறது. சமதரையில் கிடைமட்டமாகச் செல்லும் எல்லாக் கோடுகளும், அவை எத்திசையில் சென்றாலும், கண்மட்டத்திலேயே மறைகின்றன. இதிலிருந்து ஓர் அற்புதமான உண்மை பிறக்கிறது: உங்கள் காமிரா எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்திலுள்ளவை யாவும், அருகில் இருந்தாலும் நெடுந்தூரத்தில் இருந்தாலும், படத்தில் அடிவானக் கோட்டின் மீதே அமையும். நின்றபடி கண்ணுயரத்தில் படம் எடுத்தால், சந்தைக் கூட்டத்தில் உங்கள் உயரமுள்ளவர்களின் தலைகளெல்லாம் ஒரே வரிசையில் நிற்கும்; முழங்காலிட்டு எடுத்தால் அருகிலிருப்பவன் அடிவானத்துக்கு மேலே மலைபோல் எழுவான், தொலைவிலிருப்பவன் அக்கோட்டையொட்டிச் சிறுத்து நிற்பான்; மாடியிலிருந்து எடுத்தால் அனைவரும் அக்கோட்டுக்குக் கீழே இறங்கிவிடுவார்கள். ஒருவனைப் பெரியவனாகக் காட்டுவதும் சிறியவனாகக் காட்டுவதும் இந்த உயரத்தைப் பொறுத்தே இருக்கிறது.

இவ்விதிகளை ஒருங்கே கண்ணால் கண்டு பயிலுவதற்கு நம் நாட்டில் ராமேசுவரத்து ஆலயத்தின் மூன்றாம் பிரகாரத்தைக் காட்டிலும் சிறந்த இடத்தை நான் அறியேன். 18ஆம் நூற்றாண்டில் சேதுபதி மன்னர்களின் ஆதரவில் எழுந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட தூண்களைத் தாங்கி நிற்கும் அந்தப் பிரகாரத்தை 19ஆம் நூற்றாண்டு முதல் புகைப்படக்காரர்கள் நாடி வந்திருக்கிறார்கள். ஆலயத்தினுள் படம் எடுப்பதற்குரிய விதிகள் எவ்வாறாயினும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றொரு கண்ணால் பழகுவதற்குத் தடையொன்றும் இல்லை. பிரகாரத்தின் நடுக்கோட்டில் நின்று நேரே நோக்குங்கள். தரையின் ஓரங்கள் மேல்நோக்கியும், விதானத்தின் விளிம்புகள் கீழ்நோக்கியும், இருபுறத்துத் தூண்களின் போதிகைகளை இணைக்கும் கற்பனைக் கோடுகள் சாய்வாகவும் வந்து, உங்கள் கண்ணுக்கு நேர் எதிரே ஒரே புள்ளியில் சேருகின்றன.

இருமருங்கும் தூண்கள் ஏறி நிற்கும் மேடைகளை இப்போது கவனியுங்கள். கண்ணை மேடையின் விளிம்புக்கு மேலே உயர்த்தினால் மேடையின் மேற்பரப்பு தெரிகிறது, அதன் விளிம்பு மறைபுள்ளியை நோக்கி ஏறிச் செல்கிறது. விளிம்புக்குக் கீழே தாழ்த்தினால் மேற்பரப்பு மறைகிறது, விளிம்பு இறங்கிச் செல்கிறது, தூண்கள் ஓங்கி எழுகின்றன. விளிம்பும் கண்ணும் சரியாக ஒரே மட்டத்தில் நிற்கும்போதோ, இருபுறத்து விளிம்புகளும் சாய்வு முழுவதையும் இழந்து, படத்தின் குறுக்கே ஒரே கிடைக்கோடாகப் படுத்துவிடுகின்றன. ஒரு சாண் உயர்வு தாழ்வு, அத்தனை நீளமான கல் வரிசையின் உருவத்தையே மாற்றிவிடுவதைக் கண்கூடாகக் கண்ட ஒருவன், முக்காலியின் உயரத்தை ஒருபோதும் தற்செயலுக்கு விடமாட்டான். அவ்வாறே, நோக்கும் திசையை மாற்றாமல் இடப்பக்கத்து மேடையை ஒட்டி நகர்ந்து நின்றால், மறைபுள்ளி கண்ணுக்கு நேராகவே நீடிக்க, இடப்பக்கம் நெருங்கிச் சுருங்கி, வலப்பக்கத்துத் தூண்கள் அகன்று விரிந்து, ஒன்றன் பின் ஒன்றாகத் தம் சிற்பங்களைக் காட்டத் தொடங்குகின்றன. நடுவில் நிற்பவனுக்குக் கிட்டுவது முழுமையான சமநிலை. ஓரத்தில் நிற்பவனுக்குக் கிட்டுவது நடந்து செல்லும் ஓட்டம். இரண்டும் உண்மையே, எதைச் சொல்ல விரும்புகிறோம் என்பதை முதலில் அறிந்து, பின்பே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கோடுகள் யாவும் கண்ணை இழுத்துச் சென்று விடும் அந்த இடத்தில் எதை வைப்பது என்பது அடுத்த கேள்வி. மிலான் நகரத்து இறுதி இராப்போஜனச் சித்திரத்தில் லியொனார்தோ தா வின்சி கூரையின் கோடுகளையும் சுவர்களின் கோடுகளையும் கிறிஸ்துவின் சிரசிலேயே கூடச் செய்தார். அவ்விடத்தில் ஆணியடித்த தடம் ஒன்றும் காணப்பட்டிருக்கிறது. சீடர்கள் அத்தனை பேருடைய கலக்கத்துக்கும் நடுவே கண் அலையாமல் அங்கே சென்று நிலைபெறுவதற்கு இதுவே காரணம். புகைப்படத்தில் இதற்கு நேர்மாறான ஒரு சாதனையை அமெரிக்கக் கலைஞர் டொரோத்தியா லாங்கின் படங்களில் காண்கிறோம். பொருளாதார மந்தத்தினால் நிலமிழந்த குடும்பங்கள் மேற்கு நோக்கிப் பெயர்ந்த காலத்தில், 1938இல், நியூ மெக்ஸிகோவில் அவர் எடுத்த மேற்கு நோக்கிய சாலையின் படத்தில், நேரான நெடுஞ்சாலை அடிவானத்தைச் சென்று தொடும் இடத்தில் யாதொன்றும் இல்லை. ஊரில்லை, மரமில்லை, வரவேற்பார் எவரும் இல்லை. அச்சாலையில் செல்ல வேண்டியவர்களின் கதி என்ன என்று விளக்கும் பொறுப்பை அந்த வெறுமையே ஏற்றுக்கொள்கிறது. அதற்கு முந்தைய ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நோக்கிச் செல்லும் சாலையில் அவர் எடுத்த படத்திலோ, மூட்டை சுமந்து நடக்கும் இரு மனிதர்களும், அடுத்த முறை ரயிலில் சுகமாகச் செல்லுங்கள் என்று அழைக்கும் ஒரு விளம்பரப் பலகையும் இருக்கின்றன. சாலையின் நீளம் அந்த இருவரின் கால்களால் அளக்கப்படுகிறது. மறைபுள்ளியை நிரப்புவதும் வெறுமையாக விடுவதும் இவ்வாறு கருத்தைச் சொல்லும் உபாயங்களாகின்றன.

மறைபுள்ளியை மறைத்து வைப்பதும் ஒரு சிறந்த உபாயமே. லண்டனில் புத்தக வியாபாரம் செய்து, 1898இல் அதைத் துறந்து புகைப்படத்துக்கே தம்மை அர்ப்பணித்த ப்ரெடெரிக் எவான்ஸ், 1903இல் வெல்ஸ் பேராலயத்துப் படிக்கட்டை எடுத்த படத்துக்குப் படிகளின் கடல் என்று பெயரிட்டார். நூற்றாண்டுகளாக மிதிபட்டுத் தேய்ந்த அக்கற்படிகள் அலையலையாக மேலெழுந்து வளைந்து செல்கின்றன; அவற்றின் கோடுகள் படத்துக்குள் எவ்விடத்திலும் கூடி முடிவதில்லை. முடிவைக் காணாத கண் ஏறிக்கொண்டே இருக்கிறது. நேர்த்தெருவின் நடுவில் நின்று எடுத்த ஆயிரம் படங்களில் நாம் காணாத ஆவலை அப்படிக்கட்டு எழுப்புவதற்கு இதுவே சூட்சுமம்.

செங்குத்துக் கோடுகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். சன்னிதித் தெருவில் நின்று, கோபுரத்தின் கலசங்கள் படத்துக்குள் அடங்க வேண்டுமென்று காமிராவை அண்ணாந்து பிடித்தால், இயல்பாகவே குறுகிச் செல்லும் கோபுரம் மேலும் குறுகி, பின்னே சாய்வதுபோல் ஆகிவிடுகிறது. படத்தளம் செங்குத்தாக இருக்கும்வரை செங்குத்துக் கோடுகள் கூடுவதில்லை என்பதே இதன் பரிகாரம். பழைய பெரிய காமிராக்களில் பின்பலகையை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தி, லென்ஸ் பொருந்திய முன்பலகையை மட்டும் மேலே உயர்த்துவார்கள். 1960களின் தொடக்கத்தில் நிக்கான் நிறுவனம் வெளியிட்ட நகரும் லென்ஸ் இவ்வசதியைச் சிறிய காமிராவுக்கும் அளித்தது. இவை இல்லாதவர் எதிர்வீட்டு மாடியில் பாதி உயரத்துக்கு ஏறி நேரே நோக்கினாலே போதும். ஆயினும், கோபுரத்தின் காலடியில் நிற்கும் பக்தனுடைய வியப்பையே சொல்ல வேண்டுமானால், மிக அருகில் சென்று, தயக்கமின்றி முழுவதுமாக அண்ணாந்து, கோடுகள் வானில் கூடுமாறு விடலாம். நிமிர்வும் சாய்வும் இன்றி இடைநிலையில் நிற்கும் கோடுகளே பிழையாகத் தோன்றுகின்றன.

பெர்ஸ்பெக்டிவ் எல்லாக் காரியத்துக்கும் உதவாது என்பதற்கும் நம் நாட்டிலேயே உயர்ந்த சான்று இருக்கிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகப் பணியாற்றிய காப்டன் லின்னேயஸ் ட்ரைப், 1858இல் மதுரைப் புது மண்டபத்தின் வடபுறத்து நடைவழியை அதன் மேற்கு முகப்பிலிருந்து படம் எடுத்தபோது, தூண்வரிசை தூரத்தில் ஒடுங்குவதை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார். அதே ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிலும் பொறித்துள்ள கல்வெட்டுகளைப் பதிவுசெய்ய முற்பட்டபோதோ, கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படம் பிடித்து, 21 படிகளை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள ஒரே சுருளாக அமைத்தார். ஓர் இடத்தில் நின்று பக்கவாட்டில் நோக்கி எடுத்திருந்தால் அருகிலுள்ள எழுத்துகள் பெரிதாகவும் தூரத்து எழுத்துகள் படிக்கவியலாதபடி சிறுத்தும் போயிருக்கும். கண்டு வியக்க வேண்டியதற்கு ஒரு மறைபுள்ளியும், எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டியதற்கு நகர்ந்து செல்லும் நேர்நோக்கும் என்று பகுத்தறிந்த அவருடைய விவேகம், இக்கலையைப் பயில்வோர் அனைவருக்கும் பாடமாகத் தக்கது.

படம் எடுத்தவன் கடமை அச்சிடுவதோடும் முடிந்துவிடுவதில்லை. லென்ஸின் குவியத் தூரத்தை, படத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கினோமோ அந்த எண்ணால் பெருக்கினால், அப்படத்தைப் பார்ப்பதற்குரிய இயல்பான தூரம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்து எட்டு மடங்கு பெரிதாக்கிய படத்தை 40 சென்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் ஆழம் உள்ளவாறே தோன்றும். 28 மில்லிமீட்டரில் எடுத்ததை அதே தூரத்திலிருந்து பார்த்தால் ஆழம் நீண்டுவிட்டதாகத் தோன்றும். ப்ரூனெல்லெஸ்கி பலகையில் துவாரமிட்டுக் கட்டாயப்படுத்திய இடத்தை, நாம் படத்தின் அளவாலும் அதைத் தொங்கவிடும் உயரத்தாலும் குறிப்பால் உணர்த்துகிறோம்.

இளைஞர்களே, இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு நான் உங்களிடம் வேண்டுவது ஒன்றே. காமிராவைக் கண்ணுக்கு உயர்த்துவதற்கு முன்பு நடந்து பாருங்கள். அருகே சென்றும், பின்னே வந்தும், உட்கார்ந்தும், ஏறியும், ஓரம் ஒதுங்கியும், கோடுகள் எவ்விடத்தில் சென்று கூடுகின்றன, அவ்விடத்தில் என்ன நிற்கிறது என்று கண்டறியுங்கள். கட்டடங்களைப் பொறுத்தவரை இது அழகின் விஷயம். மனிதர்களைப் பொறுத்தவரை இது தர்மத்தின் விஷயம். களத்தில் குந்தி நெல் புடைக்கும் ஒரு மூதாட்டியை நின்றபடி நோக்கிப் படம் எடுத்தால், அடிவானம் அவளுடைய தலைக்கு வெகு மேலே சென்றுவிடுகிறது. அப்படத்தைப் பார்க்கும் ஒவ்வொருவரும், தாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அவளைக் குனிந்து நோக்குபவராகவே ஆக்கப்படுகிறார்கள். நீங்களும் அவள் எதிரே குந்தி அமர்ந்து எடுத்தால், அடிவானம் அவளுடைய கண்களின் வழியே செல்கிறது. காண்பவர் அனைவரும் அவளுக்குச் சமமாக அமர்கிறார்கள். அந்த ஸ்தானத்தைக் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் கையில் இருக்கிறது. அதை அறிந்து கொடுங்கள்.